ரிலே, வால்வு, மோட்டார்: டிரான்சிஸ்டர் போகாம ஓட்டுறது எப்படி? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

மன்னார்குடி பக்கம் மோட்டார் கொட்டகைல மாட்டுற கன்ட்ரோல் போர்டு, செல்போன்ல மோட்டார் போடுற பாக்ஸ் இதெல்லாம் செய்றதும் ரிப்பேர் பாக்குறதும்தான் என் வேலை. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடியே குறுவைக்கு நாத்து விடுறவங்க ஃபில்டர் பாயிண்ட்ல (ஆழம் கம்மியான போர்) தண்ணி எறைக்க ஆரம்பிச்சிடுவாங்க, அந்த மே மாசம்தான் என் மேசைல போர்டு குவியும். பாலிடெக்னிக் பசங்க, சொந்தமா ஆர்டுயினோ (புரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன கன்ட்ரோலர் போர்டு) வாங்கி செஞ்சு பாக்குற விவசாயி வீட்டுப் பசங்க, எலக்ட்ரீஷியன்னு கேக்குற ஆளுங்க வேற வேற, ஆனா கேள்வி சுத்தி சுத்தி இதேதான் வருது. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

அண்ணே, ரிலேவை நேரா ஆர்டுயினோ பின்லயே குடுத்தா என்ன? எனக்கு ஒர்க் ஆகுதே?

ஒர்க் ஆகும், இன்னைக்கு. ரிலேங்கறது காயில்ல கரண்ட் விட்டா காந்தம் இழுத்து ஆன் ஆகுற ஸ்விட்ச். அந்த நீலக் கலர் 5 வோல்ட் ரிலே காயிலை மீட்டர்ல வச்சுப் பாருங்க, 70 ஓம் பக்கத்துல காட்டும். 5ஐ 70ஆல வகுத்தா 71 மில்லிஆம்பியர். ஆர்டுயினோ யூனோல இருக்குற சிப்புக்கு ஒரு பின்ல 40 மில்லிஆம்பியர் தாண்டவே கூடாதுன்னு கம்பெனியே போட்டிருக்கான், நிம்மதியா ஓடணும்னா 20தான். வைஃபை இருக்குற ஈஎஸ்பி8266 கன்ட்ரோலர்னா வெறும் 12. பின் வோல்டேஜும் 3.3தான். அதாவது நீங்க ஒரு ஆள் தூக்குற மூட்டைய ஒரு சின்னப் புள்ள தலைல வச்சிருக்கீங்க, கொஞ்ச தூரம் நடக்குதுங்கறதுக்காக அது சரின்னு ஆகாது. அது போக, ரிலேவை அணைக்கும்போது வர்ற அடியும் நேரா சிப்புக்குள்ளயே போகுது. அந்த பின் மட்டும் செத்துட்டு மத்த பின்னெல்லாம் நல்லா இருக்குற போர்டு நெறைய பாத்துட்டேன், காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால பின்னுக்கும் காயிலுக்கும் நடுவுல ஒரு டிரான்சிஸ்டரை ஸ்விட்ச்சா வைக்கணும், பின் குடுக்குற சின்ன கரண்ட்டை வச்சு அது காயிலோட பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும்.

இண்டக்டிவ் லோடுன்னா எதெல்லாம்?

கம்பி சுத்தி வச்சிருக்குற எல்லாமே. ரிலே, கான்டாக்டர் (மோட்டார் ஸ்டார்ட்டருக்குள்ள இருக்குற பெரிய ரிலே) காயில், சோலனாய்டு வால்வு, டிசி மோட்டார், ஸ்டெப்பர், மேக்னட் பஸ்ஸர், கார் ஹாரன். எல்இடி வராது. கொட்டகைல இருந்து தொட்டி வரைக்கும் இழுத்த 50 மீட்டர் ஒயர் கொஞ்சம் வரும், அதைப் பத்தி போர்டு ரீசெட் ஆகுற கேள்வில சொல்றேன்.

அணைக்கும்போது அப்படி என்னதான் நடக்குது? ஆன் பண்ணும்போது ஒண்ணும் ஆகலையே?

இந்த ஒரு கேள்விய புரிஞ்சிக்கிட்டா மீதிப் பக்கத்தை நீங்களே எழுதிடலாம், அதனால நிதானமா சொல்றேன்.

மோட்டார் ஓடி பைப்ல தண்ணி வேகமா போயிட்டிருக்கு, கேட் வால்வை படக்குனு மூடுறீங்க, என்ன ஆகும்? பைப் டொம்முனு அடிக்கும், சில நேரம் ஜாயின்ட் கழண்டு போகும். ஓடிக்கிட்டிருந்த தண்ணிக்கு உடனே நிக்கத் தெரியாது, அது தன் வேகத்தை எங்கயாவது காட்டியே ஆகணும். காயில்ல ஓடுற கரண்ட்டும் அப்படித்தான். காயில்ல கரண்ட் போகும்போது அதைச் சுத்தி ஒரு காந்தப் புலம் நிக்குது, அதுல சக்தி சேந்து இருக்கு. நீங்க டிரான்சிஸ்டரை ஆஃப் பண்ணினதும் அந்தக் காந்தப் புலம் சரியுது, சரியும்போது பழைய கரண்ட்டை அதே திசைல தள்ளப் பாக்குது. வழி அடைச்சிருந்தா அடைப்பு உடையுற வரைக்கும் வோல்டேஜை ஏத்திக்கிட்டே போகும்.

எவ்வளவு ஏறும்? கரண்ட் எவ்வளவு மாறுது, எவ்வளவு நேரத்துல மாறுதுன்னு பாத்து வகுத்து, அதை இண்டக்டன்ஸால (கரண்ட் மாறுறதை காயில் எவ்வளவு எதிர்க்குதுங்கற அளவு, ஹென்றின்னு அளப்பாங்க) பெருக்கணும். 12 வோல்ட் ரிலே காயில் 400 ஓம், அதனால 30 மில்லிஆம்பியர். இண்டக்டன்ஸ் அரை ஹென்றின்னு வச்சுக்குவோம். அந்த 30 மில்லிஆம்பியர் ஒரு மைக்ரோசெகண்ட்ல ஜீரோ ஆகணும்னா 0.5 பெருக்கல் 0.03, வகுத்தல் 0.000001, வர்றது 15,000 வோல்ட். நெசத்துல அந்த அளவுக்குப் போகாது, ஏன்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே டிரான்சிஸ்டர் ஒடைஞ்சி கரண்ட்டை விட்டுடும். பிசி547ங்கற சின்ன டிரான்சிஸ்டர் தாங்குறது 45 வோல்ட். அந்த ஒடைசல்ல ஒரே தடவைல சாகும்னு இல்ல, நூறு தடவை தாங்கும், ஆயிரம் தடவை தாங்கும், ஒரு நாள் ராத்திரி ஷார்ட் ஆகி நிக்கும், ரிலே ஆஃப் ஆகவே ஆகாது, மோட்டார் விடிய விடிய ஓடும். "டயோடு போடாமயே ஆறு மாசமா ஓடுச்சுண்ணே"ன்னு வர்றவங்க கதை எல்லாம் இதுதான். டயோடுன்னா கரண்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடுற பார்ட்.

இது இன்னைக்கு கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்ல. நீளமான கம்பிய பேட்டரில இருந்து எடுக்குறப்ப பெரிய பொறி பறக்குறதை ஜோசப் ஹென்றி 1832லயே எழுதி வச்சிட்டார், அதனாலதான் அளவுக்கே ஹென்றின்னு அவர் பேரு.

நம்ம ஊருக்காரங்களுக்கு ஒரே வார்த்தைல சொல்லணும்னா, கொள்ளிடம். காவிரில வெள்ளம் வந்தா முழுத் தண்ணியையும் காவிரிலயும் வெண்ணாத்துலயும் விட்டா கரை தாங்காது, அதனாலதான் முக்கொம்புலயும் கல்லணைலயும் மிச்சத்தை கொள்ளிடத்துல திருப்பி விடுறாங்க. டயோடு உங்க சர்க்யூட்டுக்கு கொள்ளிடம். எந்த சர்க்யூட் வரைஞ்சாலும் அதைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேளுங்க: நான் அணைக்கும்போது இந்தக் கரண்ட் எந்த வழியா போகும்? பதில் சொல்ல முடியலைன்னா பவர் குடுக்காதீங்க.

சரி, டயோடு எப்படி மாட்டணும், எந்த டயோடு?

காயிலோட ரெண்டு காலுக்கும் குறுக்க. டயோடுல வெள்ளைக் கோடு இருக்குற பக்கம் பிளஸ் சப்ளை பக்கம், கோடு இல்லாத பக்கம் டிரான்சிஸ்டர் பக்கம். சாதாரணமா ஓடும்போது டயோடு ஒண்ணும் செய்யாம சும்மா நிக்கும், அணைச்சதும் காயில் கரண்ட் அதுக்குள்ள பூந்து காயில்லயே சுத்தி சுத்தி அடங்கிடும். திருப்பி மாட்டிட்டா? டிரான்சிஸ்டர் ஆன் ஆன ஒடனே சப்ளை நேரா டயோடு வழியா டிரான்சிஸ்டருக்குள்ள போகும், ஏதோ ஒண்ணு பொகையும்.

எங்க மாட்டுறீங்கங்கறதும் முக்கியம். வால்வு 10 மீட்டர் தள்ளி இருக்கு, டயோடு போர்டுல இருக்குன்னா அந்த 20 மீட்டர் ஒயர் முழுக்க அந்தக் கரண்ட் சுத்தும், பக்கத்துல போற சென்சார் ஒயரையும் கலக்கும். காயில்கிட்டயே ஒண்ணு போடுங்க, போர்டுலயும் ஒண்ணு இருந்தா தப்பில்ல, நான் ரெண்டும் போடுவேன்.

ரிலேக்கும் ஆன்-ஆஃப் வால்வுக்கும் 1என்4007 போதும், எந்தக் கடைலயும் கெடைக்கும், 1 ஆம்பியர், 1000 வோல்ட். நெறைய பேரு வோல்டேஜை மட்டும் பாத்து எடுக்குறாங்க. பாக்க வேண்டியது ரெண்டும்: வோல்டேஜ் சப்ளையை விட அதிகமா இருக்கணும், கரண்ட் லோடோட கரண்ட் அளவுக்கு இருக்கணும், ஏன்னா அணைச்ச அந்த நிமிஷம் காயில்ல ஓடுற முழுக் கரண்ட்டும் டயோடு மேல ஏறும். 3 ஆம்பியர் மோட்டாருக்கு 1 ஆம்பியர் டயோடு போட்டா அது தாங்காது. பிடபிள்யூஎம் (ஸ்பீடைக் குறைக்க வேகமா ஆன் ஆஃப் பண்ணிக்கிட்டே இருக்குறது) பண்றீங்கன்னா 1என்4007 வேண்டவே வேண்டாம், அது மெதுவா மூடுற டயோடு. அடுத்த பல்ஸ் வரும்போது அது இன்னும் மூடாம தொறந்தே கெடக்கும், ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சின்ன ஷார்ட் விழும். அதுக்கு வேகமா மூடுற ஷாட்கி டயோடு: 1 ஆம்பியர் வரைக்கும் 1என்5819, 3 ஆம்பியர்னா 1என்5822, அதுக்கு மேல எஸ்ஆர்560. இதுல 1என்5819, 1என்5822 ரெண்டும் 40 வோல்ட்தான், அதனால 12 வோல்ட் வேலைக்கு சரி, 48 வோல்ட் வண்டி பேட்டரிக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க.

மாஸ்ஃபெட்டுக்குள்ளயே ஒரு டயோடு இருக்கே, அது போதாதா?

போதாது. டேட்டாஷீட்ல (கம்பெனி குடுக்குற விவரத் தாள்) படத்தைப் பாத்துட்டு நல்லாப் படிக்கிற பசங்களே இதுல ஏமாந்துடுறாங்க. மாஸ்ஃபெட்டும் ஒரு வகை டிரான்சிஸ்டர்தான், கேட்ங்கற கால்ல வோல்டேஜ் குடுத்தா டிரெய்ன், சோர்ஸ்ங்கற ரெண்டு காலுக்கு நடுவுல கரண்ட் விடும். உள்ள இருக்குற டயோடு டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல இருக்கு, காயிலுக்குக் குறுக்க இல்ல. அணைக்கும்போது டிரெய்ன் வோல்டேஜ் சப்ளைக்கு மேல எகிறுது, அந்த நேரத்துல உள்ள இருக்குற டயோடு மூடின பக்கம் பாத்து நிக்குது, அதுல வழி கெடைக்காது. எச் பிரிட்ஜ்ல (மோட்டாரை ரெண்டு பக்கமும் சுத்த வைக்கிற சர்க்யூட்) நாலு மாஸ்ஃபெட் இருக்கும்போது எதிர் கால்ல இருக்குற டயோடு உதவும், அது வேற கதை. காயிலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு மாஸ்ஃபெட் வச்சு ஓட்டுறீங்கன்னா காயிலுக்கு தனி டயோடு கட்டாயம்.

பேஸ் ரெசிஸ்டர் எவ்வளவு போடணும்? எல்லாரும் 1கே போடுறாங்க, ஏன்?

பேஸ்ங்கறது டிரான்சிஸ்டரை ஆன் பண்ற கால், பின்னுக்கும் அதுக்கும் நடுவுல வர்றதுதான் இந்த ரெசிஸ்டர், 1கேன்னா 1000 ஓம். லோடு கரண்ட் போற மத்த ரெண்டு காலு கலெக்டர், எமிட்டர். 12 வோல்ட் ரிலேக்கு 30 மில்லிஆம்பியர் வேணும். டேட்டாஷீட்ல கெயின் (பேஸ் கரண்ட்டை விட எத்தனை மடங்கு கரண்ட்டை விடும்ங்கறது) 200, 300னு போட்டிருக்கறதை இங்க நம்பக் கூடாது, அது ஆம்ப்ளிஃபையருக்கு. ஸ்விட்ச்சா முழுசா ஆன் ஆகணும்னா கெயின் 10னு வச்சுக் கணக்கு போடுங்க. அப்ப பேஸுக்கு 3 மில்லிஆம்பியர். பின் 5 வோல்ட், பேஸ்ல 0.7 போகுது, மீதி 4.3. அதை 0.003ஆல வகுத்தா 1433 ஓம். கைல இருக்குற 1கே போட்டா 4.3 மில்லிஆம்பியர் போகும், நல்லது. ஈஎஸ்பி32ல (ஈஎஸ்பி8266க்கு அடுத்து வந்த கன்ட்ரோலர்) 3.3 வோல்ட்னா 2.6 மில்லிஆம்பியர் வரும், இந்த ரிலேக்கு அதுவும் போதும். ஆனா அதே 1கேவை வச்சுக்கிட்டு 71 மில்லிஆம்பியர் 5 வோல்ட் ரிலேவை 3.3 வோல்ட் பின்ல ஓட்டுறப்ப டிரான்சிஸ்டர் பாதி தொறந்து பாதி மூடி நிக்கும், சூடாகும். அங்க 330 ஓமுக்கு எறங்கணும், டிரான்சிஸ்டரையும் பிசி337க்கு மாத்திடுங்க, பிசி547 100 மில்லிஆம்பியர் வரைக்கும்தான்.

கால் எது எதுன்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. பிசி547, பிசி337 ரெண்டும் தட்டையான பக்கம் உங்களைப் பாத்தா இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222ஏ அதுக்கு தலைகீழ், எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏன்னு ஒண்ணு இருக்கு, பேர் நடுவுல ஒரு 2 மட்டும் கூட இருக்கும், அது திரும்ப கலெக்டர்ல ஆரம்பிக்கும். கடைல "2222 குடுங்க"ன்னு வாங்கினா எது வரும்னு சொல்ல முடியாது, மீட்டர் வச்சுப் பாத்துட்டு சால்டர் வைங்க.

பேட்டரி ஸ்ப்ரேயர் மோட்டாருக்கு ஸ்பீடு கன்ட்ரோல் போட்டேன், மாஸ்ஃபெட் கைய வச்சா சுடுது. ஹீட்சிங்க் பெருசா போடவா?

திருத்துறைப்பூண்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி இதையே தூக்கிட்டு வந்தாரு. முதுகுல மாட்டுற 12 வோல்ட் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், ஈஎஸ்பி32, ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட், மோட்டாருக்குக் குறுக்க 1என்4007. ஹீட்சிங்க் உள்ளங்கை அகலம் போட்டிருந்தாரு, அப்பவும் ரெண்டு நிமிஷத்துல பிளாஸ்டிக் வாசம் வந்துச்சு. ஃபுல் ஸ்பீடு வச்சு மீட்டரை எடுத்தேன். கேட்ல 3.28 வோல்ட். டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல 3.9 வோல்ட். மோட்டார் இழுக்குறது 2.4 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, 9 வாட்ஸுக்கு மேல மாஸ்ஃபெட்லயே கரியாகுது, மருந்து தெளிக்கறதுக்குப் போக வேண்டிய பேட்டரி சார்ஜ் அது.

தப்பு மாஸ்ஃபெட்ல இல்ல, கேட்டுக்கு குடுத்த வோல்டேஜ்ல. ஐஆர்எஃப்540என் 44 மில்லிஓம்னு விளம்பரம் பண்றது கேட்ல 10 வோல்ட் குடுத்தாத்தான். 2ல இருந்து 4 வோல்ட்ல அது கண்ணு முழிக்கவே ஆரம்பிக்குது, முழுசா தொறக்குற வோல்டேஜ் அது இல்ல. இந்த முழிக்கிற வோல்டேஜைத்தான் த்ரெஷோல்டுன்னு டேட்டாஷீட்ல போட்டிருப்பாங்க, அந்த நம்பரைப் பாத்து மாஸ்ஃபெட் எடுக்குறது ரொம்ப பேரு பண்ற தப்பு. ஆன்ல இருக்கும்போது உள்ள இருக்குற ரெசிஸ்டன்ஸ் ஆர்டிஎஸ்-ஆன்னு இருக்கும், அதை எந்த கேட் வோல்டேஜ்ல அளந்தாங்கன்னு பக்கத்துலயே இருக்கும், அந்த வோல்டேஜை உங்க பின் குடுக்குதான்னு பாருங்க, அவ்வளவுதான்.

நடுவுல டிசி4427ன்னு ஒரு கேட் டிரைவர் ஐசி வச்சோம். அது 3.3 வோல்ட் சிக்னலை வாங்கிக்கும், கேட்டுக்கு பேட்டரியோட 12 வோல்ட்டை குடுக்கும். அதோட சப்ளை காலுக்குப் பக்கத்துலயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒண்ணு, 1 மைக்ரோஃபாரட் ஒண்ணு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல 15 வோல்ட் ஜீனர் (அந்த வோல்டேஜைத் தாண்டினா கரண்ட்டை விட்டு அமுக்குற டயோடு), மோட்டார்ல இருந்து வர்ற வோல்டேஜ் எகிறல் கேட்டை ஒடைக்காம இருக்க. 1என்4007ஐ எடுத்துட்டு எஸ்ஆர்560. அதே பழைய மாஸ்ஃபெட்தான், மாத்தல. 3.9 வோல்ட் இருந்த எடத்துல 0.14 வோல்ட் காட்டுச்சு. ஹீட்சிங்க்கைக் கழட்டி கைல குடுத்து அனுப்பினேன், வெரல் வச்சா வெதுவெதுன்னு கூட இல்ல.

5 வோல்ட் ஆர்டுயினோன்னா டிரைவர் இல்லாமயே ஐஆர்எல்இசட்44என் போட்டுக்கலாம், அது லாஜிக் லெவல், அதாவது பின் குடுக்குற சின்ன வோல்டேஜ்லயே தொறக்கும். பேர்ல ஐஆர்எஃப்னு இருக்கறதுக்கும் ஐஆர்எல்னு இருக்கறதுக்கும் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனா ஐஆர்எல்இசட்44என்னையும் கம்பெனி 4 வோல்ட் வரைக்கும்தான் உத்தரவாதம் குடுக்கான், 3.3க்கு இல்ல. 3.3ல நேரா ஓட்டணும், 2, 3 ஆம்பியர்தான்னா ஏஓ3400 நல்லது, 2.5 வோல்ட்லயே முழுசா தொறக்கும், 30 வோல்ட் தாங்கும், பொட்டு சைஸ்ல இருக்கறதால சால்டர் பண்ண கண்ணு வேணும்.

இன்னொண்ணு. மோட்டார் கரண்ட்னா ஓடும்போது இருக்குறதை மட்டும் பாக்காதீங்க. மோட்டார் நின்னு இருக்கும்போது காயில் ரெசிஸ்டன்ஸ் 1.5 ஓம்னா ஸ்டார்ட் ஆகுற அந்த நொடில 12ஐ 1.5ஆல வகுத்தா 8 ஆம்பியர். நாசில்ல தூசி அடைச்சு மோட்டார் திணறினாலும் கரண்ட் அந்தப் பக்கமாத்தான் ஏறும். மாஸ்ஃபெட்டை அதுக்குப் பாத்து எடுங்க.

கரண்ட் வந்ததும் ரிலே ஒரு தடவை தானா டக்குனு அடிச்சிட்டு விடுது. ஏன்?

கன்ட்ரோலர் எழுந்திரிக்கிற வரைக்கும் பின் எதுலயும் சேராம மெதந்துக்கிட்டு இருக்கும், மாஸ்ஃபெட் கேட்டுக்கு அந்த மெதப்பே போதும் ஆன் ஆக. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் 10கே ஒண்ணு போட்டா அது கீழ பிடிச்சு வச்சிருக்கும், பின்னுக்கும் கேட்டுக்கும் நடுவுல 100 இல்ல 220 ஓம். அதுக்கு மேல பின்னையே பாத்து எடுக்கணும். ஈஎஸ்பி32ல 0, 2, 5, 12, 15 இதெல்லாம் பூட் ஆகும்போது அதுக்குன்னு வேலை இருக்குற பின், ரிலேக்கு வேண்டாம். ஈஎஸ்பி8266ல 16 பூட் ஆகும்போது ஹையா நிக்கும், யூனோல 13 மினுக்கும். எங்க ஊர்ல கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போயிட்டு வருதோ அத்தனை தடவை மோட்டார் தானா கிளம்பினா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க, யாராவது ஃபுட்வால்வை சரி பண்ண எறங்கி இருந்தா? இதை சின்ன விஷயம்னு விடாதீங்க.

யூஎல்என்2003 வாங்கினா இந்தக் கவலை எல்லாம் இல்லையாமே?

நாலு ரிலே, அஞ்சு ரிலேன்னா கண்ணை மூடிக்கிட்டு அதை வாங்குங்க. ஒரே ஐசிக்குள்ள ஏழு டிரான்சிஸ்டர் ஸ்விட்ச் (சேனல்), ஒவ்வொண்ணும் 500 மில்லிஆம்பியர், 50 வோல்ட், பேஸ் ரெசிஸ்டர் உள்ளயே, டயோடு உள்ளயே. ஆனா உள்ள இருக்குற டயோடு வேலை செய்யணும்னா 9ஆம் காலை ரிலே சப்ளைல சேக்கணும். அதை அந்தரத்துல விட்டுட்டு "டயோடு உள்ள இருக்கு"ன்னு நம்பிக்கிட்டு இருக்குற போர்டு மாசத்துக்கு ரெண்டாவது வருது. 8ஆம் கால் கிரவுண்டு. உள்ள ரெண்டு ரெண்டு டிரான்சிஸ்டரை சேத்த டார்லிங்டன்கறதால ஆன்ல இருக்கும்போதும் 1 வோல்ட் பக்கம் உள்ளயே சாப்பிட்டுடும், அதனால 5 வோல்ட் ரிலே சில சமயம் சரியா பிடிக்காது, 12 வோல்ட் ரிலே போட்டா பிரச்சினை இல்ல. எல்லா சேனலையும் ஒரே நேரத்துல 500ல ஓட்டவும் முடியாது, ஐசி சுட்டுடும்.

டயோடு இருக்கு, டிரான்சிஸ்டர் நல்லா இருக்கு, ஆனாலும் மோட்டார் ஆன் ஆஃப் ஆகுறப்ப போர்டு ரீசெட் ஆகுது.

முதல்ல சப்ளையைப் பாருங்க. ரிலேயும் கன்ட்ரோலரும் ஒரே செல்போன் சார்ஜர்ல ஓடுதா? ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் குனியும், ஈஎஸ்பி32ல பிரவுன்அவுட்னு (சப்ளை வோல்டேஜ் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்) சீரியல்ல எழுதிட்டே ரீசெட் ஆகும். தனி சப்ளை குடுங்க, முடியலைன்னா போர்டு பக்கத்துல 470 மைக்ரோஃபாரட்டாவது வைங்க.

ரெண்டாவது கிரவுண்டு. தனி சப்ளை குடுத்தா ரெண்டு மைனஸும் சேரணும், சேரலைன்னா டிரான்சிஸ்டர் ஆன் ஆகாது. ஆனா சேக்குற எடம் முக்கியம். மோட்டார் கரண்ட் திரும்பி வர்ற ஒயரும் சென்சார் கிரவுண்டும் ஒரே மெல்லிசு ஒயர்ல போனா அந்த ஒயர்லயே கொஞ்சம் வோல்டேஜ் விழும், கன்ட்ரோலருக்கு கிரவுண்டே குதிக்கிற மாதிரி இருக்கும். மோட்டார் மைனஸ் தடிமனா தனியா, கன்ட்ரோலர் மைனஸ் தனியா, ரெண்டும் சப்ளைல போய் ஒரே புள்ளில சேரணும். பிரெட்போர்டு (சால்டர் இல்லாம சொருகிப் பாக்குற போர்டு) ஒயர்ல மோட்டார் ஓட்டாதீங்க.

மூணாவது பிரஷ் மோட்டாரோட பொறி. மோட்டார் ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல 100 நானோஃபாரட் செராமிக்கை மோட்டார் மேலயே வச்சு சால்டர் பண்ணுங்க. தண்ணி லெவல் சென்சார் ஒயரையும் மோட்டார் ஒயரையும் ஒரே பைப்ல விட்டிருந்தா பிரிச்சிடுங்க, முறுக்கி விடுங்க. தூரத்து ஒயருக்கும் கொஞ்சம் இண்டக்டன்ஸ் உண்டுன்னு முன்னாடி சொன்னேன்ல, அதுல டக்குனு கரண்ட் மாறினா பக்கத்து ஒயர்ல அது தெரியும்.

ஆப்டோகப்ளர் இருக்குற ரிலே மாட்யூல்தான் வாங்கினேன், இன்னும் எதுக்கு பயப்படணும்?

ஆப்டோகப்ளர்னா சிக்னலை வெளிச்சமா மாத்தி, நடுவுல கம்பி தொடர்பு இல்லாம கடத்துற பார்ட். மாட்யூல்ல ஜேடி-விசிசின்னு ஒரு ஜம்பர் (ரெண்டு பின்னைச் சேக்குற சின்னத் துண்டு) இருக்கும். அது போட்டபடியே இருந்தா ரிலேயும் கன்ட்ரோலரும் ஒரே சப்ளைதான், நடுவுல ஆப்டோ இருந்தும் பிரிவு இல்ல. ஜம்பரை எடுத்து ரிலேக்கு தனி சப்ளை, தனி கிரவுண்டு குடுத்தாத்தான் அது உண்மையான பிரிவு. ரெண்டு மைனஸும் சேரணும்னு முன்னாடி சொன்னது ஆப்டோ இல்லாம பின்ல இருந்து நேரா டிரான்சிஸ்டரை ஓட்டும்போது.

5 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டாரை இந்த 10 ஆம்பியர் ரிலேல போடலாமா? கரண்ட் 7, 8 ஆம்பியர்தானே?

கூடாது. அந்த 10 ஆம்பியர் பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடுற கரண்ட்டை விட ஆறு மடங்கு பக்கம் இழுக்கும், கான்டாக்ட் ஒட்டிக்கும், அப்புறம் நீங்க ஆஃப்னு அனுப்பினாலும் ஓடிக்கிட்டே இருக்கும். மூணு ஃபேஸையும் அறுக்காம ஒண்ணை மட்டும் அறுத்தா மோட்டார் காயிலே எரியும்.

மோட்டாரை ஸ்டார்ட்டர்தான் போடணும், நம்ம போர்டு ஸ்டார்ட்டரோட பட்டனை அமுக்குற வெரல் மட்டும்தான். பச்சை பட்டனுக்கு பேரலலா ஒரு ரிலேயோட என்ஓ (ரிலே ஆஃப்ல இருக்கும்போது பிரிஞ்சு இருக்குற கான்டாக்ட்), ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு ஆன் பண்ணி விட்டா போதும், அப்புறம் ஸ்டார்ட்டரே தன்னைப் பிடிச்சுக்கும். சிவப்பு பட்டனோட சீரியஸ்ல இன்னொரு ரிலேயோட என்சி (ஆஃப்ல இருக்கும்போது சேந்து இருக்குற கான்டாக்ட்). இப்படிப் போட்டா நம்ம போர்டு செத்தாலும் ஸ்டார்ட்டர்ல கையால போடலாம், அணைக்கலாம், ஓவர்லோடு ரிலேயும் தன் வேலையைப் பாக்கும்.

இங்க ஒரு ஆபத்து இருக்கு. நெறைய ஸ்டார்ட்டர்ல கான்டாக்டர் காயில் ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல, அதாவது 415 வோல்ட். நீல ரிலே மேல 250 வோல்ட்னு எழுதி இருக்கு. மாட்டினா ஓடும், ஆனா ரிலே காலுக்கு நடுவுல போர்டுல ஈரமும் தூசியும் சேந்து கருப்புக் கோடு விழும், நான் பாத்த கருகின போர்டுகள்ல பாதி அந்த எடத்துலதான் கருகி இருந்துச்சு. ஐப்பசி மழைல கொட்டகைக்குள்ள எல்லாமே நசநசன்னுதான் இருக்கும். காயில் வோல்டேஜை முதல்ல படிங்க, 415ன்னா அந்த வோல்டேஜுக்கு ரேட்டிங் உள்ள துணை கான்டாக்டர் நடுவுல வைங்க. வேலை செய்றதுக்கு முன்னாடி மெயின் ஃபியூஸ் மூணையும் உருவி கைல வச்சுக்குங்க, டெஸ்டர் வச்சு மூணு ஃபேஸும் பாருங்க, ஈரக் காலோட தொடாதீங்க. 415 வோல்ட் பக்கம் பழக்கம் இல்லைன்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கான்டாக்டர் காயிலுக்கும் டயோடு போடலாமா?

ஏசில டயோடு போட்டா அரை சைக்கிள் ஷார்ட். போடவே கூடாது. 230 வோல்ட் காயில்னா அதுக்குக் குறுக்க 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின் லைனுக்குன்னே செய்ற வகை) கெபாசிட்டரும் சீரியஸ்ல, கூட 300 வோல்ட் ஏசி ரேட்டிங் எம்ஓவி (வோல்டேஜ் எகிறினா அதை உள்வாங்கிக்கிற பார்ட்) ஒண்ணு. ராத்திரில லோடு கம்மியாகி வோல்டேஜ் ஏறும், அதனால 300 சொல்றேன். 415 காயிலுக்கு 275 வோல்ட் எக்ஸ்2 ஆகாது, எம்ஓவியும் 510 வோல்ட் ஏசி எடுக்கணும். இதை ரிலே கான்டாக்ட்டுக்குக் குறுக்க போடுற பழக்கமும் இருக்கு, ஆனா அப்ப ரிலே ஆஃப்ல இருந்தாலும் கெபாசிட்டர் வழியா 7 மில்லிஆம்பியர் கசியும், சின்ன காயில்னா விடாம முனகிக்கிட்டே இருக்கும். காயில் மேலயே போட்டுடுங்க.

டயோடு போட்டதுக்கு அப்புறம் ரிலே கொஞ்சம் லேட்டா விடுதே?

ஆமா, நெசம்தான். கரண்ட் டயோடுல மெதுவா சுத்தி அடங்குற வரைக்கும் ரிலே பிடிச்சே இருக்கும், சில மில்லிசெகண்டு கூடும், கான்டாக்ட் மெதுவா பிரியறதால பொறியும் கொஞ்சம் அதிகம். பெரும்பாலான வேலைக்கு பரவால்ல. வேகமா விடணும்னா டயோடோட சீரியஸ்ல 24 வோல்ட் ஜீனரை எதிர்ப் பக்கமா போடுங்க. அப்ப டிரான்சிஸ்டர் மேல 12 கூட்டல் 24 கூட்டல் 0.7, கிட்டத்தட்ட 37 வோல்ட் வரும், பிசி547 தாங்குற 45க்குள்ள இருக்கு. 36 வோல்ட் ஜீனர் போட்டா தாண்டிடும்.

மோட்டாரை ரெண்டு பக்கமும் சுத்தணும், எல்293டியா எல்298ஆ?

ரெண்டும் எச் பிரிட்ஜ் ஐசி. எல்293டி ஐசிக்குள்ள டயோடு இருக்கு, சின்ன மோட்டாருக்கு சரி. எல்298 ஐசிக்குள்ள கெடையாது, மாட்யூலா வாங்கினா போர்டுலயே வெளிய எட்டு டயோடு போட்டிருப்பாங்க, வெறும் ஐசி வாங்கினா நீங்க போடணும். ரெண்டுமே பழசு, 2 வோல்ட்டுக்கு மேல தின்னும், 6 வோல்ட் மோட்டாருக்கு எடுக்காதீங்க.

ஆசிலோஸ்கோப் இல்லண்ணே, மீட்டர் மட்டும்தான். எப்படி செக் பண்றது?

மீட்டரே போதும். முதல்ல காயிலை மாட்டாம அந்த எடத்துல பைக் இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட் ஒண்ணை மாட்டுங்க, ஆனா அது 10 வாட்ஸ், 0.8 ஆம்பியர் இழுக்கும், அதனால மாஸ்ஃபெட் போர்டுக்கு மட்டும்தான். பிசி547 போர்டுன்னா எல்இடியும் 1கேயும். புரோகிராம் சொல்ற மாதிரி எரிஞ்சு அணையுதா, பவர் போட்ட நொடில தானா மினுக்குதா பாருங்க. அப்புறம் காயிலை மாட்டி ஆன்ல வச்சுட்டு கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல அளங்க. 0.2 வோல்ட் பக்கம் இருந்தா முழுசா ஆன் ஆகியிருக்கு, 1 வோல்ட்டுக்கு மேல இருந்தா பேஸ் கரண்ட் பத்தல. டார்லிங்டனுக்கு மட்டும் 1 வோல்ட் சகஜம்.

டயோடை மீட்டர்ல பாக்கும்போது காயிலோட சேத்துப் பாத்தா ரெண்டு பக்கமும் ஷார்ட் மாதிரித்தான் காட்டும், அது காயிலோட ஓம், டயோடு போயிடுச்சுன்னு நெனச்சு மாத்தாதீங்க. ஒரு காலை மட்டும் சால்டர்ல இருந்து தூக்கிட்டுப் பாருங்க. ஒரு பக்கம் 0.5ல இருந்து 0.7, ஷாட்கின்னா 0.2 பக்கம், திருப்பி வச்சா ஓப்பன். தூக்கின காலைத் திரும்ப சால்டர் வைக்க மறந்துட்டுப் போனவங்க போர்டும் என்கிட்ட வந்திருக்கு, அதனால பாத்து முடிச்ச கையோட வச்சிடுங்க.